ஓரிடத்தில் அமராத பிள்ளைகள்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற குறள் ஒப்பித்தல் போட்டியை அன்பர்கள் மறந்திருக்கக்கூடும். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறினான். மூன்று குறள்களைத் தெளிவாகச் சொன்னான். நான்காவது குறளின் முதலடியில் இருந்தபோது மண்டபத்தின் பின்புறம் யாரோ ஒரு பலூனை உடைத்துவிட, ஒப்பித்தலை அங்கேயே போட்டுவிட்டு மேடையினின்று குதித்தோடினான். மைக்கின் கம்பி அவன் காலில் சிக்கிற்று. மைக்கும் அதன் தாங்கியும் முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரின் மடியில் வீழ்ந்தன. சபை சிரித்தது, பெரியவர் சிரிக்கவில்லை. "பிள்ளை வளர்த்த இலட்சணம்" என்று அவர் கூறியது அடுத்த வரிசைவரை கேட்டது. அச்சிறுவன் நம் மகன்.

அன்றிரவு குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் அவனை அடித்தோம். மறைப்பதற்கில்லை. அலுவலகத்தில் பதிவேட்டுக்குக் கோடு போடும் ரூல் தடி ஒன்று வீட்டில் கிடந்தது, அதனாலேயே அடித்தோம். அது முதல் அடியும் அன்று. இரண்டாம் வகுப்பிலிருந்தே பள்ளி நாட்குறிப்பில் சிவப்பு மையில் எழுதாத வாரம் கிடையாது. இருக்கையில் இருப்பதில்லை; பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுகிறான்; பாதிக் கணக்கில் பென்சிலை வைத்துவிடுகிறான்; மாதத்துக்கு மூன்று தண்ணீர்க் குடுவை தொலைக்கிறான். டியூஷன் வைத்தோம், டியூஷன் அம்மாள் இரண்டே மாதத்தில் கைகூப்பி விடை கொடுத்துவிட்டார். ஊரில் நம் அன்னையார் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு, திருநெல்வேலிவரை வரவழைத்து மொட்டையும் போடுவித்தார். முடி வளர்ந்தது, குணம் மாறவில்லை. கடைசியில், வரும் ஆண்டுக்கு வேறு பள்ளி பார்த்துக்கொள்வது நலம் என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

பிப்ரவரி மாதத்தில் நடந்ததை எழுத இன்றும் கை தயங்குகிறது. லோக்கல் வண்டிக்காக நடைமேடையில் நின்றிருந்தோம். பையனின் கையிலிருந்த பம்பரம் நழுவித் தண்டவாளத்தின் பக்கம் உருண்டது. அவன் யோசிக்கவில்லை, அதன் பின்னாலேயே இறங்கப் போனான். சுமை தூக்கும் தொழிலாளர் ஒருவர் சட்டைக் காலரைப் பற்றி இழுத்திராவிட்டால், இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது. வண்டி நுழைந்துகொண்டிருந்தது. பதினைந்து ஆண்டுகள் இரயில்வேயில் வேலை செய்யும் நமக்கு, அவ்வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பது தெரியும். அன்று அவனை அடிக்கவில்லை, கை எழவில்லை. இரவு விளக்கணைத்த பின் அவனே சொன்னான்: "வேணும்னு போகலப்பா. கால் போயிருச்சு. பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது."

அந்தச் சொல்தான் நம்மை மருத்துவரிடம் அனுப்பியது.

இரயில்வே மருத்துவ நிலையத்தின் மருத்துவர் விவரம் கேட்டுவிட்டு, குழந்தைகளின் மனநலம் பார்க்கும் நிபுணரிடம் செல்லுமாறு சீட்டு எழுதித் தந்தார். அச்சீட்டு ஒன்பது நாள் நமது சட்டைப் பையிலேயே கிடந்தது. மனநல மருத்துவர் என்ற சொல்லே அச்சமூட்டுவது. குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் ஒரு வீட்டுக் குக்கர் விசில் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், இது கேட்காதா? பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார்களே என்று நாம் தயங்க, நம் மனைவியார்தான், "ரயில்ல போற உசுருக்கு வெக்கம் பாத்தா ஆகுமா?" என்று கேட்டுப் புறப்படச் செய்தார்.

மருத்துவர் மராத்தியர், இந்தியில் பேசிக்கொண்டோம். இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ எடுத்து இந்நிலையைக் கண்டுபிடிக்க இயலாது என்பதை முதலிலேயே கூறிவிட்டார். கேட்டறிவதே பரிசோதனை. பெற்றோருக்கு ஒரு வினாத்தாள், வகுப்பு ஆசிரியைக்கு ஒரு வினாத்தாள். பிறப்பு முதல் இன்றுவரை நடந்தவற்றையெல்லாம் கேட்டார். காது சரியாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, இரவில் குறட்டை விட்டு விழிக்கிறானா, சில வினாடி வெறித்துப் பார்த்தபடி உறைந்துபோவதுண்டா, இரத்தசோகை உண்டா என்றெல்லாம் தனித்தனியே விசாரித்தார். இவற்றுள் எதுவும் பிள்ளையைக் கவனமற்றவனாகக் காட்டக்கூடுமாம்.

பிறகு அவர் கேட்ட ஒரு கேள்வியை நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள் ஊன்றிக் கருத வேண்டும். "வீட்டில் உங்கள் மொழியில் கதை சொன்னால் அமர்ந்து கேட்பானா?" என்றார். காரணம் வெளிப்படை. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், வகுப்பில் ஆங்கிலமும் மராத்தியுமாக வளர்கின்றனர். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளை, ஆசிரியை சொல்வது விளங்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது நோயன்று; விளங்காத பேச்சைக் கேட்டுக்கொண்டு பெரியவர்களாலும் அமர்ந்திருக்க முடியாது. அப்பிள்ளை தமிழில் கதை கேட்கும்போது கட்டுண்டு கிடப்பான். இக்குறையுள்ள பிள்ளைக்கோ பள்ளியிலும், வீட்டிலும், தமிழிலும், இந்தியிலும் ஒரே பாடுதான். பல மொழிகள் பேசுவதால் இது வருகிறது என்று எண்ணி, வீட்டில் தமிழை நிறுத்தியவர்களையும் நாம் அறிவோம். அது வீண் காரியம். மொழிகள் இதற்குக் காரணமல்ல.

நம் மகனோ தமிழ்க் கதையிலும் பாதியில் எழுந்து போகிறவன்.

இதற்கு மருத்துவ நூல்கள் வைத்துள்ள பெயர் கவனக் குறைவும் மிகை இயக்கமும் கூடிய கோளாறு என்பது, ஏ.டி.எச்.டி. என்ற ஆங்கில எழுத்துச் சுருக்கமே ஆசிரியர்களிடம் வழங்குகிறது. உலகெங்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இருப்பதாகக் கணக்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, கவனக் குறைவுக்கு 9 அறிகுறிகளும், மிகை இயக்கத்துக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 9 அறிகுறிகளும் கூறுகின்றது. ஏதேனும் ஒரு பிரிவில் ஆறாவது இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். படிப்பையும் பழக்கத்தையும் கெடுப்பதாகவும் இருக்க வேண்டும். வெறும் துறுதுறுப்புக்கு இப்பெயர் பொருந்தாது. ஐந்து வயதுப் பிள்ளை ஓடாமல் வேறு யார் ஓடுவது?

வீட்டு மொழியில் சொன்னால் இப்படி. கடைக்குச் சென்று உப்பும் புளியும் தீப்பெட்டியும் வாங்கி வரச் சொன்னால், தீப்பெட்டி மட்டும் வரும், அல்லது பிள்ளையே வர மாட்டான். வழியில் ஒரு நாய்க்குட்டி இருந்திருக்கும். பெயர் சொல்லி நான்கு முறை அழைத்தாலும் காதில் ஏறாது. எளிய கணக்கில் கூட்டலைக் கழித்தலாக்குவான். கடினமான கணக்கைச் சரியாகப் போடுவான். கேள்வி முடியுமுன் விடை வரும். வரிசையில் நிற்க முடியாது. இலையில் சோறு இருக்க, அவன் மொட்டை மாடியில் இருப்பான்.

இது நகரத்துப் புது நோய் என்பாரும் உளர். 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், கவனத்தை ஒன்றில் நிறுத்த இயலாத நிலையைப் பற்றி எழுதினார். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் 1902-இல் இத்தகைய பிள்ளைகளைக் குறித்துச் சொற்பொழிவாற்றினார். பெயர்தான் மாறி மாறி வந்தது. இன்றைய பெயர் 1987-இல் ஏற்பட்டது. நம் ஊர்களிலும் இப்பிள்ளைகள் என்றும் இருந்திருக்கிறார்கள். "வாலறுந்த பயல்" என்றோ "அறுதலி" என்றோ பெயரிட்டு, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஆட்டுக்குப் பின்னால் அனுப்பிவிட்டோம்.

காரணம் என்ன? பெரும்பங்கு பிறப்பு வழியாக வருவது. இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் பரம்பரையின் பங்கை நூற்றுக்கு 70 முதல் 80 வரை என மதிப்பிடுகின்றனர். குறைமாதப் பிறப்பும், மிகக் குறைந்த பிறப்பெடையும் வாய்ப்பைக் கூட்டும். கவனத்தையும் அடக்கத்தையும் ஆளும் மூளையின் புறப்பகுதி, இப்பிள்ளைகளுக்குச் சராசரியாக மூன்றாண்டு பிந்தி முதிர்கிறது என்று 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. நீண்ட சரக்கு வண்டியில் ஓட்டுநர் பிரேக்கைப் பிடித்த கணத்திலேயே கடைசிப் பெட்டியில் அது பிடிப்பதில்லை என்பதை இரயில்வே அன்பர்கள் அறிவர். நம் மகன் கால் போன பிறகு தெரிந்தது என்றானே, அதுவும் அதுதான். இனிப்பைக் கொடுத்ததால் வருவதன்று. சர்க்கரையை வைத்துச் செய்த சோதனைகளில் அப்படித் தெரியவில்லை. தாய் வேலைக்குப் போவதால் வருவதன்று. வளர்த்த இலட்சணத்தால் வருவதும் அன்று. முன்வரிசைப் பெரியவர் இதனைப் படிப்பார் என நம்புகிறோம். வளர்ப்பு முறையால் நிலைமை தணியும், அல்லது முற்றும். அவ்வளவே.

பரம்பரை என்று மருத்துவர் சொன்னபோது, "உங்கள் இளமை எப்படி?" என்று நம்மையும் கேட்டார். நகைத்து மழுப்பினோம். அன்றிரவு தொலைபேசியில் அன்னையாரிடம் செய்தியைச் சொன்னோம். அவர் சிறிதும் வியக்காமல், "ஏ ராசா, ஒனக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்? நீயும் இப்படித்தாம்ல கெடந்த. ஒங்கய்யா ஒன்ன எத்தன நாளு தூண்ல கட்டிப் போட்டாரு!" என்றார். தூண் நினைவிருந்தது, காரணம்தான் மறந்திருந்தது. பத்தாம் வகுப்பை இரண்டாம் முறை எழுதித் தேறியவர் நாம். தந்தையார் பணியிலிருக்கும்போதே மறைந்ததால் கலாசியாக வேலை கிடைத்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரானோம். இன்றும் கோப்பை எடுத்தால் முடிக்குமுன் இன்னொன்றில் கை போகும். ஒரே மழைக்காலத்தில் மூன்று குடை தொலைத்ததுண்டு. பெரியவர்களான பின்னும் பலருக்கு இது ஓரளவு தொடர்கிறதாம். எதற்காகத் தூணில் கட்டுண்டோமோ, அதற்காகவே ரூல் தடியை எடுத்திருக்கிறோம் என்பதை எண்ணி அன்றிரவு உறக்கம் வரவில்லை. தடியை மறுநாள் அலுவலகத்திலேயே சேர்த்துவிட்டோம்.

பெண்பிள்ளைகளைக் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். அவர்களுள் பலர் ஓடுவதில்லை, குதிப்பதில்லை. அமைதியாக அமர்ந்து கனவு காண்கிறார்கள். ஆசிரியைக்குத் தொல்லையில்லை, ஆகையால் சிவப்பு மை இல்லை. "மந்தம்" என்று ஒதுக்கி, அடுக்களைக்கு உதவட்டும் என்று விட்டுவிடுகிறோம். புத்தகத்தை விரித்து வைத்து ஒரு மணி நேரம் ஒரே பக்கத்தில் இருக்கும் பெண்ணை, சோம்பேறி என்று கூறுமுன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். ஓடும் பிள்ளை தானே கண்ணில் படுகிறான். அமைதியாய் இருக்கும் பெண்ணை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

இனி மருந்து. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்குப் பயிற்சி தருவதே முறை. அதற்கு மேற்பட்ட வயதில் பயிற்சியோடு மருந்தும் சேரலாம். மெதில்பெனிடேட் என்பது பெரிதும் வழங்கும் மருந்து. 1944-இல் சுவிட்சர்லாந்தில் முதன்முதல் செய்யப்பட்டது. தூக்க மாத்திரை கொடுத்துப் பிள்ளையை மயக்கிவிடுகிறார்கள் என்று நம் குவார்ட்டர்ஸில் ஒரு பேச்சு உலவியது. உண்மை நேர்மாறானது, அது ஊக்க மருந்து. மூளையில் கவனத்துக்குரிய பகுதியை ஊக்குவதால் அடக்கம் வருகிறது. சட்டக் கட்டுப்பாட்டிலுள்ள மருந்தாதலால் மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்காது. பசி குறையலாம், உறக்கம் பிந்தலாம். எடை, உயரம், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும். அது ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்துகளும் உண்டு. நோயை வேரோடு களையும் மருந்து எதுவும் இல்லை. களைவதாக விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

நம் மகனுக்கு முதல் நான்கு மாதம் பயிற்சி மட்டுமே. ஜூலையில் சிறிய அளவில் மருந்து தொடங்கினர். மதிய உணவுப் பெட்டி பாதி அப்படியே திரும்பி வருகிறது. ஆகவே மாத்திரைக்கு முன் நான்கு இட்லி, இரவில் வயிறு நிறையச் சோறு என்று மனைவியார் ஏற்பாடு செய்திருக்கிறார். எடை குறையவில்லை.

பயிற்சி என்பது பிள்ளைக்கல்ல, நமக்கு. அதுதான் கடினம். அடுக்களையிலிருந்து கத்துவதை நிறுத்த வேண்டும். அருகில் சென்று, தோளைத் தொட்டு, முகம் பார்க்கச் செய்து, ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அது முடிந்த பிறகே அடுத்தது. பாடத்தைப் பத்து நிமிடமாகத் துண்டாடி, இடையில் எழுந்து ஓட விட வேண்டும். காலை எழுந்தது முதல் பள்ளி வண்டி வரும்வரை செய்ய வேண்டியவற்றைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியுள்ளோம். கால அட்டவணை எழுதுவது நமக்குக் கைவந்த தொழில்தானே. தவறுக்குத் தண்டனையைவிட, சரியாகச் செய்ததற்கு உடனடிப் பாராட்டே இப்பிள்ளைகளிடம் வேலை செய்கிறது. உடனடி என்பதை அடிக்கோடிட்டுக் கொள்க. முழுப் பரீட்சையில் தேறினால் மிதிவண்டி என்பது இவர்களுக்கு எட்டாத தூரம்.

முன்னாளில் பயணச்சீட்டுக் கௌண்டரில் கொடுத்த சிறிய தடித்த அட்டைச் சீட்டு அன்பர்களுக்கு நினைவிருக்கும். அதுபோல் அட்டை வெட்டி வைத்திருக்கிறோம். பல் துலக்கினால் ஒரு சீட்டு. பத்து நிமிடம் எழுதினால் ஒரு சீட்டு. ஐந்து சேர்ந்தால் மாலையில் நடைபாலத்தின் மேலிருந்து அரை மணி நேரம் வண்டி பார்க்கலாம். அங்கே அவன் கம்பியைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்பதைக் காண வேண்டும். வேக வண்டி எது, மெது வண்டி எது, எத்தனை பெட்டி என்று ஒன்றுவிடாமல் சொல்வான். "இதற்கு மட்டும் கவனம் இருக்கிறதே, மனமிருந்தால் படிக்கலாமே" என்று நாமும் முன்பு ஏசியதுண்டு. பிடித்ததில் மூழ்குவதும், பிடிக்காததில் நிற்க இயலாததும் இந்நிலையின் இயல்பென்று பின்னரே அறிந்தோம். கவனம் அவனிடம் இல்லாமல் இல்லை. சொன்ன இடத்தில் அது நிற்பதில்லை.

பள்ளியைப் பொறுத்தவரை, மருத்துவரின் கடிதத்தோடு நேரில் சென்றோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளையைத் தொடக்கக் கல்வி முடியுமுன் பள்ளியினின்று வெளியேற்றலாகாது. அடிக்கவோ மனத்தை வருத்தவோ கூடாது. இதனைச் சண்டையாகச் சொல்லாமல் விண்ணப்பமாக எழுதிக் கொடுத்தோம். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். வகுப்பு ஆசிரியை நல்லவர்; அறுபது பிள்ளைகளுக்கிடையே அவரும்தான் என் செய்வார்? முன்வரிசையில், சன்னலுக்கும் கதவுக்கும் விலக்கி அமர்த்தினார். நோட்டுப் புத்தகங்களை விநியோகிப்பதும் கரும்பலகை துடைப்பதும் இப்போது நம் மகன் வேலை. எழுந்து நடக்க வேண்டியவனுக்கு எழுந்து நடப்பதையே கடமையாக்கிவிட்டார்! எந்தக் கல்லூரியில் படித்தாரோ, வாழ்க.

இன்னொன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 நிலைகளைப் பட்டியலிட்டுள்ளது. இக்கோளாறு அதில் பெயர் சொல்லி இடம் பெறவில்லை. எழுத்துக்கூட்டவும் படிக்கவும் கணக்கிடவும் தடுமாறும் கற்றல் குறைபாடு இடம் பெற்றுள்ளது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பது மிகுதி. ஆகவே அதற்கும் பரிசோதனை செய்துகொள்வது நலம். தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளுக்கு அச்சான்றே வழி. மொழி தெரியாததால் தயங்கும் தாய்மார்கள் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய இலவச மனநல உதவி அது, தமிழிலும் பேசலாம்.

நாம் மருத்துவரல்லோம், பத்தாம் வகுப்பு படித்த எழுத்தர். ஆயினும் ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் இருக்கிறோம். இத்தகைய பிள்ளையை உடையோர் வந்தால், வினாத்தாளை இந்தியிலிருந்து தமிழாக்கி எழுதித் தருவது முதல் மருத்துவமனைச் சீட்டு வரிசையில் உடன் நிற்பதுவரை செய்ய ஆயத்தமாயிருக்கிறோம்.

வரும் பொங்கலுக்கும் குறள் ஒப்பித்தல் உண்டென்று அறிவிப்பு வந்துள்ளது. பெயர் கொடுக்க வேண்டாம் என்று நாம் எண்ணியிருக்க, பையன் தானே சென்று செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஐந்து குறள்கள் பாடமாகிவிட்டன. ஆறாவது இன்னும் பாதியில் நிற்கிறது. காத்திருப்பதே அவனுக்குப் பெரும்பாடு என்பதால், முதல் பெயராக அழைக்குமாறு செயலாளரை வேண்டிக்கொண்டோம். அவர் இசைந்தார். மைக்கின் கம்பியை இம்முறை சுவரோரமாக இழுத்துக் கட்டிவிடுவதாகவும் கூறியுள்ளார்.